பந்தியும் படிப்பும்

அம்பேத்கரின் லண்டன் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அரை வயிற்றோடு நாளெல்லாம் படித்தார் என்பார்கள். நெசந்தான். ஆனால் 1916இல் அவர் சேர்ந்த கிரேஸ் இன்னில் இன்னொரு பாடமும் இருந்தது. பரீட்சையில் தேறினால் மட்டும் அங்கே பாரிஸ்டர் ஆகிவிட முடியாது. அன்று பருவத்துக்கு இத்தனை தடவை என்று மண்டபத்தில் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டியிருந்தது. நாலு பேருக்கு ஒரு பந்தி.

வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சும்மா ஒரு சாயங்காலச் சடங்கு. அம்பேத்கருக்கு அப்படியா? சாத்தாரா பள்ளிக்கூடத்தில் சாக்கு விரித்துத் தனியே உட்கார்ந்தவர். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். அவருக்குக் கூட உட்கார்ந்து சாப்பிடுவதே படிப்பின் நிபந்தனையானது. 1922இல் பாரிஸ்டர் ஆனார். 1927இல் மகாத் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்கிறேன்.

எங்க வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து சட்டம் படிக்க மெட்ராஸ் போகிற நம்ம பிள்ளைகளிடம் கேளுங்கள். வகுப்பில் பதுங்குகிற சாதி, சாயங்காலம் யாரோடு டீ, யாரோடு அறை என்பதில் வெளியே வரும். 2008 நவம்பர் 12இல் சென்னை சட்டக் கல்லூரியில் மாணவர்கள் மோதி ரத்தம் சிந்தினார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. தகராறின் வேர், ஒரு விழாச் சுவரொட்டி. கல்லூரிப் பெயரிலிருந்த அம்பேத்கரை விட்டுவிட்டு அச்சடித்திருந்தார்கள்.

அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடலாம். அதை நடத்திக் காட்ட வேண்டிய இடம் விடுதிப் பந்தி. அங்கே நம்ம பிள்ளைகள் தைரியமாக உட்காரட்டும். பக்கத்தில் உட்கார மறுக்கிறவனைச் சட்டம் படித்தவன் என்று சொல்லாதிருப்போம்.