படத்தில் இல்லாத கணக்கு



என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வாரம் பேசினாள். தனியாகப் பிள்ளையை வளர்க்கிறவள். கம்பெனியில் ஆட்குறைப்பு, திடீரென்று வேலை போய்விட்டது. "இதையெல்லாம் யாராவது தாண்டி வந்திருக்காங்களா சார்?" என்று கேட்டாள். வரலாறு நடத்தியவனிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

1930களின் அமெரிக்கப் பெருமந்தம் என்றதும் பாடநூல்களில் ஒரு படம் வரும். நெற்றியில் கவலைக் கோடுகள் விழுந்த ஒரு தாய், கை தாடையில். இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்திருக்கும். மடியில் கைக்குழந்தை. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில் டோரதியா லாங் எடுத்தது. அந்தத் தாயின் பெயர் ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ், பின்னாளில் தாம்சன். செரோக்கி பழங்குடி வழி வந்தவர், அப்போது வயது 32.

அவருடைய கஷ்டம் அந்தப் படத்தில் தொடங்கவில்லை. 5 வருடம் முன்பே, 1931-ல், கணவர் காசநோயில் இறந்துவிட்டார். அப்போது இவர் வயிற்றில் ஆறாவது பிள்ளை. 1933 வாக்கில் நாட்டில் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. படித்த ஆண்களே வரிசையில் நின்ற காலத்தில், கைம்பெண் ஒருத்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? அறுவடை எங்கேயோ அங்கே போனார்.

எப்படிச் சமாளித்தார் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு திரும்பி, ஒரு நாளில் 450 முதல் 500 பவுண்டு வரை பருத்தி எடுத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கிலோவில் 200-க்கு மேல்! 1933 அக்டோபரில் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18,000 பருத்திக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 100 பவுண்டுக்கு 1 டாலர் கேட்டார்கள், 75 சென்ட்டில் முடிந்தது. அந்த விகிதத்தில் 450 பவுண்டுக்குக் கூலி 3 டாலர் 37 சென்ட். அதுவும் பருவம் இருக்கும் வரைதான். பருத்தி முடிந்தால் அடுத்த பயிர், அடுத்த ஊர்.

ஒரு சமயம் பேக்கர்ஸ்ஃபீல்டில் பாலத்துக்கு அடியில் குடியிருந்திருக்கிறார்கள். அங்கிருந்து நடந்துபோய் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. நாளுக்கு 50 சென்ட், மிச்சமான சாப்பாடு. சில நாள் இரண்டு வாளி நிறைய வீட்டுக்குக் கொண்டு வருவாராம். எனக்கு அந்த 50 சென்ட்டை விட வாளிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. சில்லறையை வைத்து அத்தனை வயிற்றை நிரப்ப முடியாது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தது. 1935 ஆகஸ்ட் 14-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேலை இழந்தவருக்குக் காப்பீடு உண்டு. ஆனால் விவசாயக் கூலிக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் கிடையாது. அதே சட்டத்தில் தந்தை இல்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் இருந்தது. அதை வாங்க, ஒரே மாநிலத்தில் குடியிருந்ததைக் காட்டச் சொல்லலாம். ஊர் ஊராக அலைகிறவர் எந்த முகவரியைக் காட்டுவது? யாருக்கு மிகவும் தேவையோ, அவர் கைக்கு எட்டாதபடி எழுதிய சட்டம் என்றுதான் சொல்வேன்.

1936-ல் ஜிம் ஹில் என்பவர் துணையாக வந்திருந்தார். லெட்டூஸ் கீரை வயலில் வேலை கிடைக்கும் என்று வாட்சன்வில் நோக்கிப் போகையில், நிப்போமோ அருகே கார் பழுதானது. அங்கே பட்டாணி பறிக்க வந்த 2,500 பேருக்கு மேல் முகாமில் கிடந்தார்கள். உறைபனியில் பயிர் கருகிவிட்டது; வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஜிம் ஹில் பழுதான பாகத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போயிருந்த நேரத்தில்தான் லாங் வந்தார். பத்து நிமிடத்தில் சில படங்கள் எடுத்தார், பெயர்கூடக் கேட்கவில்லை. கார் டயர்களை விற்றுச் சாப்பாடு வாங்கினார்கள் என்று குறிப்பில் எழுதினார். விற்க எங்களிடம் வேறு டயரே இல்லையே என்று மகன் பிற்பாடு மறுத்தார்.

மார்ச் 10-ல் படங்கள் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்தன. அரசு 20,000 பவுண்டு உணவை, அதாவது 9 டன்னை, முகாமுக்கு அனுப்பியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஃப்ளோரன்ஸ் குடும்பம் கார் சரியாகி அடுத்த வயலுக்குப் போய்விட்டது.

படம் அரசுப் பணிக்காக எடுத்தது, அதனால் பதிப்புரிமை இல்லை; அவருக்குக் காசும் இல்லை. 1998-ல் அதே படம் 32 சென்ட் தபால்தலையாக வந்தது. அதே வருடம் ஒரு பிரதி ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போனது. வீட்டில் பிள்ளைகளுக்கோ அந்தப் படம் வெகுகாலம் அவமானமாகத்தான் இருந்தது. 1978-ல் ஒரு நிருபர் தேடிப் பிடிக்கும் வரை அந்தத் தாயின் பெயரே உலகுக்குத் தெரியாது.

1983-ல் அவர் நோயில் விழுந்தபோது மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். 35,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. பணத்தோடு கடிதங்களும் வந்தன, 2,000-க்கு மேல். அவற்றைப் படித்த பிறகுதான் அந்தப் படத்தைப் பிள்ளைகள் வேறு கண்ணால் பார்த்தார்களாம். அந்த செப்டம்பரில் அவர் காலமானார்.