பழைய சொகுசுக் கார்களும் வந்து சேராத எச்சரிக்கைக் கடிதங்களும்

குடாநாட்டின் வீதிகளில் இன்று ஓடும் பென்ஸ், பி.எம்.டபிள்யூ., லெக்சஸ் போன்ற சொகுசுக் கார்களிற் பல பத்து, பதினைந்து ஆண்டுகளைக் கடந்தவை. அந்நியச் செலாவணியைக் காக்கவென 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் புதிய கார் வராத நிலையில், இருந்த கார்களே கைமாறின, விலையும் ஏறியது. திருமண வீட்டுக்கும் நிக்காஹ் மண்டபத்துக்கும் மணமக்களை ஏற்றிச் செல்வதும், ஹஜ் யாத்திரிகர்களையும் புலம்பெயர் உறவினரையும் கட்டுநாயக்க வரை கொண்டுபோய் விடுவதும் இத்தகைய கார்களே.

கார் ஒன்றிற் பாதுகாப்புக் குறைபாடு இருப்பது பின்னாளிற் தெரியவந்தால், உற்பத்தி நிறுவனம் அதனை மீள அழைத்து இலவசமாகத் திருத்திக் கொடுக்கும். உலக வழமை இது. ஆனால் அதற்கான கடிதம் போய்ச் சேருவது பதிவேட்டிலுள்ள முகவரிக்கு. யப்பானிலோ பிரித்தானியாவிலோ ஒருவர் பாவித்துக் கழித்த காரை நாம் வாங்குகின்றோம். கார் யாழ்ப்பாணம் வந்துவிடுகின்றது, கடிதம் வருவதில்லை.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு டகாட்டா விவகாரமே போதும். அந்த யப்பானிய நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளை ஊதச் செய்யும் பொறியில் அமோனியம் நைத்திரேற்று என்னும் இரசாயனம் பயன்படுத்தப்பட்டது. ஈரப்பதனும், பகலிரவு வெப்பம் ஏறி இறங்குவதும் ஆண்டுக்கணக்கில் அதனைச் சிதைக்கின்றன. சிதைந்த இரசாயனம் மோதலின் போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிய, அதனை அடக்கிய உலோகக் குடுவை வெடித்துச் சிதறுகின்றது. உயிர்காக்க வேண்டிய பையிலிருந்து இரும்புத் துண்டுகள் கழுத்துக்கும் முகத்துக்கும் பாய்கின்றன. 2008 இல் ஹொண்டாவின் சிறியதொரு மீளழைப்புடன் தொடங்கிய இவ்விவகாரம், பின்னர் ரொயோட்டா, நிசான், மஸ்டா, பி.எம்.டபிள்யூ., பென்ஸ் எனப் பரவி, உலகின் மிகப் பெரிய வாகன மீளழைப்பாயிற்று. 2017 ஜூனில் டகாட்டா வங்குரோத்தடைந்தது. அமெரிக்காவில் மாத்திரம் 25 இற்கு மேற்பட்டோர் இதனால் உயிரிழந்துள்ளனர்.

நாம் கவனிக்க வேண்டியது காலநிலையை. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த புளோரிடா, ஹவாய் போன்ற இடங்களையே அமெரிக்க அதிகாரிகள் ஆபத்துக் கூடிய வலயமாக வகுத்தனர். எம்மைப் போன்றே வெப்பமும் ஈரமும் கொண்ட மலேசியாவில், சிபு நகரில் 2014 ஜூலையில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் குறைந்த வேக மோதலொன்றில் இவ்வாறு பலியானார். குடாநாட்டு வெயிலில் ஆண்டு முழுவதும் நிற்கும் காரின் நிலையை வாசகர்களே ஊகிக்கலாம்.

2000 முதல் 2006 வரையான பி.எம்.டபிள்யூ. 3 வரிசைக் கார்களையும் அக்காலத்து எக்ஸ்-5 சிலவற்றையும், காற்றுப்பை மாற்றப்படும் வரை ஓட்டவே வேண்டாமென 2023 மே மாதத்தில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. 2024 இல் அந்நிறுவனம் மேலும் ஏறத்தாழ 3 இலட்சத்து 90 ஆயிரம் கார்களை அங்கு மீள அழைத்தது. காரணம் விசித்திரமானது. உரிமையாளர்கள் அழகுக்காகப் பழைய விளையாட்டு ரகச் சுக்கானை வாங்கிப் பொருத்தியிருக்கக்கூடும். அதனுள்ளே டகாட்டா பொறி இருக்கக்கூடும் என்பதே அது. பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைத்ததென்று கழற்றிய சுக்கானையும் காற்றுப்பையையும் வாங்குவோர் இதனை இருமுறை வாசிப்பது நல்லது.

பென்ஸ் விடயம் வேறு. 2004 முதல் 2015 வரை உற்பத்தியான எம்.எல்., ஜீ.எல்., ஆர் வகைக் கார்கள் ஏறத்தாழ 10 இலட்சம், 2022 இல் உலகளாவிய ரீதியில் மீள அழைக்கப்பட்டன. பிறேக் பூஸ்டரைச் சுற்றியுள்ள இறப்பர் உறையின் கீழ் ஈரம் தங்கித் துருப்பிடிப்பதே குறைபாடு. பிறேக்கை மிதிக்கையில் சீறும் சத்தம் கேட்பதும், மிதி கடினமாவதும் இதன் அறிகுறிகள். துரு முற்றினால் மிதிக்கும் பிறேக்குக்குமான தொடர்பே அறுந்துபோகலாம். கடலும் களப்பும் சூழ்ந்த எமது நிலத்தில் துரு எவ்வளவு விரைவில் ஏறும் என்பதை வீட்டுப் படலையே சொல்லும்.

2002 இன் பின்னர் வந்த ஈ வகை பென்ஸின் மின்னணுப் பிறேக்கும் 2004, 2005 ஆம் ஆண்டுகளில் மீளழைப்புக்கு உள்ளானது. அதன் பம்பி எத்தனை தடவை இயங்கியது என்பது கணக்கிடப்படுகின்றது. வரம்பைத் தாண்டினாற் சிவப்பு எச்சரிக்கை எரியும். பம்பி செயலிழந்தால் முன் சில்லுகளில் மாத்திரமே பிறேக் பிடிக்கும். அதுவும் முழுப் பலத்துடன் மிதித்தால். கணக்கைக் கணினி மூலம் பூச்சியமாக்கி விளக்கை அணைத்துவிடுவோர் உண்டு. பம்பி அதனாற் புதிதாகிவிடாது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் எமது மெக்கானிக்குகள். அவர்களது திறமையில் எமக்கு ஐயமில்லை. ஆனால் காற்றுப்பைக்குள் சிதையும் இரசாயனம் சத்தமிடுவதில்லை; காதுக்கும் கைக்கும் அது அகப்படாது. அகப்படுவது அடிச்சட்ட இலக்கத்துக்கு மாத்திரமே.

அந்த இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ளது. ஐரோப்பியக் கார்களுக்கு அது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. பென்ஸுக்கு டிமோ நிறுவனமும் பி.எம்.டபிள்யூ.வுக்குப் பிரெஸ்டீஜ் ஒட்டோமொபைலும் இலங்கை முகவர்கள். அவர்களிடம் இலக்கத்தைக் கொடுத்து விசாரிக்கலாம். யப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான கார்களின் இலக்கம் குறுகியது என்பதால் அமெரிக்க இணையத்தளங்கள் அதனை ஏற்பதில்லை. நிறுவனங்களின் யப்பானியத் தளங்களிலேயே தேட வேண்டும். காற்றுப்பை முன்னர் ஒரு தடவை மாற்றப்பட்டிருப்பின் அத்துடன் முடிந்ததென எண்ணலாகாது. ஆரம்பத்தில் அதே வகைப் பொறியே பல கார்களுக்கு மீண்டும் பொருத்தப்பட்டு, இரண்டாம் தடவையும் மாற்ற நேர்ந்தது. வீதியோரத்தில் காற்றுப்பையைக் கழற்ற முனைவதோ பெரும் ஆபத்து.

இவ்வளவையும் தனிமனிதர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமென்பது நியாயமா? ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுகையில் தனியார் காருக்குக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேட்கப்படுகின்றன. பிறேக்கையோ காற்றுப்பையையோ பற்றி எவரும் கேட்பதில்லை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் ஒவ்வொரு காரின் அடிச்சட்ட இலக்கமும் இருக்கின்றது. மீளழைப்புப் பட்டியல்கள் உற்பத்தி நிறுவனங்களிடம் இருக்கின்றன. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, தீராத மீளழைப்பு உள்ள காரின் உரிமையாளருக்கு அனுமதிப்பத்திரத்துடனேயே தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் வழங்குமாறு திணைக்களத்தை நாம் கேட்கின்றோம்.