ஈரக் குடையைக் கண்ட உத்தியோகத்தர்

பம்பாயில் உறங்கிய ஏழைகளைத் தொடர்ந்து கொன்ற ராமன் ராகவுக்கு அந்நகரின் செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த தண்டனையையும் அதற்குப் பின் உயர்நீதிமன்றத்தில் நிகழ்ந்த விசித்திரமான திருப்பத்தையும் இவ்வாரம் விவரிப்பதாக வாசகர்களுக்கு வாக்களித்திருந்தேன். ஆயினும், நீதிமன்ற மண்டபத்தினுள் பிரவேசிக்கும் முன்னர், அந்தக் கொலையாளியைச் சட்டத்தின் முன்னே கொண்டுவந்து நிறுத்திய ஒரு சாதாரண சப் இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லாமல் அப்பாற் செல்ல என் மனம் ஒப்பவில்லை. அவருடைய பெயர் அலெக்ஸ் பியாலோ.

1968ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் பம்பாயின் வடபுறநகர்ப் பகுதி எத்தகைய பீதியில் உறைந்து கிடந்தது என்பதைச் சென்ற அத்தியாயங்களில் கண்டோம். குடிசைகளிலும் நடைபாதைகளிலும் அயர்ந்து உறங்கிய ஏழைகளின் தலையில் கனத்த இரும்பு ஆயுதமொன்று இறங்கியது. விடியும்போது பிணங்களே எஞ்சின. கொலையாளி கிளியாகவும் பூனையாகவும் உருமாற வல்லவன் என்ற வதந்தி நகரெங்கும் உலவிற்று. தடியேந்திய இளைஞர்கள் இரவு முழுவதும் காவல் காத்தனர். அவர்கள் கையில் அகப்பட்ட பாவப்பட்ட பிச்சைக்காரர்கள் அடியுண்டனர்.

குற்றப் புலனாய்வுப் பிரிவின் துணை ஆணையராக விளங்கிய ரமாகாந்த் குல்கர்ணி இந்த வழக்கைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். மேதைமையில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர். 1965-66இல் மத்திய ரயில்வேப் பாதையோரம் பத்தொன்பது பேர் தாக்கப்பட்டு, அவர்களில் ஒன்பது பேர் உயிர்துறந்த பழைய வழக்கின் தஸ்தாவேஜுகளை அவர் மீண்டும் தூசு தட்டச் செய்தார். அக்காலத்தில் அந்தப் பகுதியில் சுற்றித் திரிந்த ஒருவன் பிடிபட்டிருந்தான். கொள்ளைக் குற்றத்திற்காக ஏற்கெனவே சிறை சென்று வந்தவன். ஆனால் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டிருந்தான். அவனுடைய புகைப்படமும் கைரேகையும் மட்டும் பொலிஸாரிடம் எஞ்சியிருந்தன. இதை எழுதும்போது என் நெஞ்சு பொறுக்கவில்லை. மாண்டவர்கள் மலபார் ஹில் மாளிகைவாசிகளாக இருந்திருந்தால், அந்தத் தஸ்தாவேஜு இரண்டாண்டுகள் உறங்கிக் கிடந்திருக்குமா? விலாசமற்றவர்களின் மரணத்துக்கு அந்தப் பெருநகரம் கொடுத்த மதிப்பு அவ்வளவே.

இனி நம் கதாநாயகருக்கு வருவோம். 1968 ஆகஸ்ட் 27. தென்பம்பாயின் டோங்கிரிப் பகுதியில் பணியாற்றிய பியாலோவின் பார்வையில் காக்கிக் கால்சட்டையும் புஷ் சட்டையும் அணிந்த ஒரு மனிதன் தென்பட்டான். பழைய புகைப்படத்தையும் அங்க அடையாளங்களையும் மனத்திற் பதித்து வைத்திருந்த அந்த இளம் உத்தியோகத்தருக்கு அந்த முகம் உடனே பிடிபட்டது. பம்பாய் முழுவதிலும் எத்தனையோ பொலிஸ்காரர்களுக்கு அதே படம் காட்டப்பட்டிருந்தது. கண்டுகொண்டவர் இவர் ஒருவரே.

அந்த மனிதனின் கையில் ஒரு குடை இருந்தது. அது நனைந்திருந்ததென்றும், அந்த வேளையில் அப்பகுதியில் மழை பெய்யவில்லையென்றும், எங்கிருந்து வருகிறாய் என்று வினவியபோது வடக்கே மாலாட் பக்கத்தைச் சொன்னானென்றும் சொல்லப்படுகிறது. நம் மலையக ஊரான ராகலையில் வாழும் எவருக்கும் இந்த நுட்பத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் கந்தப்பளைப் பக்கமிருந்து வருபவர் தென்மேற்குப் பருவமழையில் தொப்பலாக நனைந்து வந்து சேர, அதே வேளையில் உடப்புசல்லாவைப் பக்கமிருந்து வருபவர் கால் தூசியைத் தட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவதை நம்மூர்ச் சந்தியில் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கொழுந்து மலையில் கங்காணி வேலை பார்த்த நம் பெரியவர்கள், ஒருவன் தலையில் போட்டிருக்கும் கம்பளியின் ஈரத்தைப் பார்த்தே அவன் எந்த மலையிலிருந்து இறங்கி வருகிறான் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பார்வையே பியாலோவிடம் இருந்தது. மாலாட்டை அடுத்த ஒரு கிராமத்தில் அண்மையில்தான் இரு கொலைகள் நிகழ்ந்திருந்தன.

பியாலோ அவசரப்படவில்லை. அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இருவரைச் சாட்சிகளாக அழைத்து, அவர்கள் முன்னிலையில் சோதனையிட்டார். ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு சீப்புகள், ஒரு கத்தரிக்கோல், ஊதுவத்தி கொளுத்தும் தாங்கி, சவர்க்காரம், வெள்ளைப்பூடு, கொஞ்சம் தேயிலைத் தூள், கணக்குகள் போல ஏதோ எண்கள் கிறுக்கப்பட்ட இரண்டு தாள்கள் ஆகியவை வெளிப்பட்டன. சட்டையிலும் கால்சட்டையிலும் இரத்தக் கறை, சப்பாத்தில் சேறு. பெயரைக் கேட்டபோது சிந்தி தல்வாய் என்றான். தம்பி, அண்ணா, வேலுசாமி என்று அவன் பூண்டிருந்த பெயர்கள் இன்னும் பல. கைரேகையோ பொய் சொல்லவில்லை: அவனே ராமன் ராகவ்.

பிடிபட்டவன் வாய் திறக்க மறுத்தான். நெடுநேரம் பலவாறு வினவியும் பயனில்லை. ஈற்றில் உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டபோது, கோழிக்கறி வேண்டும் என்றான். அது வந்தது; உண்டான்; மேலும் கேட்டு உண்டான். அடுத்து ஒரு பெண் வேண்டும் என்றான். காவலில் இருப்பவனுக்குச் சட்டம் அதை அனுமதியாது என்று சொல்லப்பட்டதும், தேங்காயெண்ணெயும் சீப்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் கேட்டான். உடலெங்கும் எண்ணெய் தேய்த்து, தலை வாரி, கண்ணாடியில் தன்னைத் தானே கண்டு மகிழ்ந்த பின்னரே, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று பொலிஸாரைக் கேட்டான். கொலைகளைப் பற்றி என்றார்கள். அவர்களை அழைத்துச் சென்று, புதர்களில் தான் மறைத்து வைத்திருந்த இரும்பாயுதத்தையும் பிற பொருள்களையும் காட்டினான். நாற்பத்தொரு கொலைகளைத் தான் புரிந்ததாக ஒப்புக்கொண்டான்.

இந்தக் கோழிக்கறிக் காட்சியைத் திரைப்படக்காரர்களும் கதைக்காரர்களும் எத்தனையோ விதமாக வருணித்து, அந்த மனிதனை ஒரு மாய நாயகனாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த வருணனைகளில் எனக்குக் கிஞ்சித்தும் சம்மதமில்லை. சித்தம் முற்றிலும் சிதைந்த ஒரு நோயாளி அவன். அவனைப் போற்றுவதற்கு எதுவுமில்லை, அவனிடத்தில் வியப்பதற்கும் எதுவுமில்லை. 1969இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை எதிர்த்து அவன் மேன்முறையீடு செய்ய மறுத்ததும், மூன்று மனநல வைத்தியர்கள் அடங்கிய குழு அவனை ஆராய்ந்ததும், தீராத மனநோயைக் காரணமாகக் கொண்டு 1987இல் உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்ததும், 1995 ஏப்ரலில் சிறுநீரகக் கோளாறினால் புனேயின் சசூன் வைத்தியசாலையில் அவன் மாண்டதும் தனி அத்தியாயத்துக்குரிய செய்திகள். அவற்றை அடுத்த இதழில் முறைப்படி எடுத்துரைப்பேன்.

லண்டன் மாநகரில் 1888இல் பெண்களைக் கொன்ற கொடியவனின் புனைபெயரை உலகம் இன்றுவரை உச்சரிக்கிறது. அவனைத் தேடியலைந்த துப்பறிவாளர்களின் பெயரையோ அறிந்தவர் சிலரே. பம்பாய் வழக்கிலும் அதே அநீதி நேர்ந்திருக்கிறது. ராமன் ராகவின் பெயரை அறிந்த வாசகர்கள் அலெக்ஸ் பியாலோ என்ற பெயரையும் மறவாமல் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பீதியில் ஒரு நகரமே பேயையும் பூனையையும் தேடிக்கொண்டிருந்த வேளையில், ஒரு முகத்தையும் ஒரு குடையையும் நிதானமாகப் பார்த்து, வீதியோரத்தில் உறங்கும் ஆயிரமாயிரம் ஏழைகளின் உயிரைக் காத்தவர் அவரே.