'144 போட்டாச்சு': அமைதிக்காக உங்கள் சுதந்திரத்தை அரசு எவ்வளவு தூரம் நிறுத்தி வைக்கலாம்?

காலையில் லேப்டாப்பைத் திறக்கிறீர்கள், நெட் இல்லை. ரவுட்டர் பிரச்னையோ என்று பார்த்தால் மொபைல் டேட்டாவும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்கிறார்: "ஊர்ல 144 போட்டிருக்காங்க, நெட்டையும் கட் பண்ணிட்டாங்க." ஏன் என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வரிதான்: பொது அமைதியைக் காக்க.

அமைதி வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? அதனாலேயே அந்த வரியை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் சட்டப்படி அந்த ஒரு வரி மட்டும் போதாது.

'ஃப்ரீடம்' வேறு, 'லிபர்ட்டி' வேறா?

தமிழில் இரண்டையும் சுதந்திரம் என்றே சொல்லிவிடுகிறோம். அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலம் இரண்டு சொற்களையும் வெவ்வேறு இடத்தில் பயன்படுத்துகிறது. 19-வது பிரிவு பேசுவது ஃப்ரீடம் பற்றி: பேச, கூட, சங்கம் அமைக்க, நாடு முழுக்கப் போய்வர, விரும்பிய இடத்தில் குடியிருக்க, விரும்பிய தொழில் செய்ய. இது குடிமக்களுக்கு மட்டும். 21-வது பிரிவில் வருவது லிபர்ட்டி: சட்டம் வகுத்த நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் அரசு பறிக்க முடியாது. இது வெளிநாட்டவருக்கும் உண்டு. ரஃப்பாகச் சொன்னால், முதலாவது நீங்கள் செய்யக்கூடியவற்றின் பட்டியல். இரண்டாவது உங்களைச் சுற்றிப் போட்ட வேலி.

அமைதி எங்கே வருகிறது? கூடும் உரிமைக்குள்ளேயே ஒரு நிபந்தனையாக வருகிறது: அமைதியாக, ஆயுதம் இல்லாமல் கூட வேண்டும். பேச்சுரிமையைப் பொறுத்தவரை 1950-ல் அது இல்லவே இல்லை. பிறகுதான் உள்ளே வந்தது. அந்தக் கதை தொடங்குவது நம்ம சென்னையில்.

ஒரு வாரப் பத்திரிகையும் முதல் திருத்தமும்

அரசமைப்புச் சட்டம் அமலுக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1950 மார்ச் 1 அன்று, பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை உள்ளே வரக் கூடாது என்று மெட்ராஸ் அரசு தடை போட்டது. காரணம், பொது ஒழுங்கு. தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே 26-ல் தீர்ப்பு: தடை செல்லாது. அரசின் பாதுகாப்பையே அசைக்கும் விஷயம் என்றால் பேச்சைக் கட்டுப்படுத்தலாம். பொது ஒழுங்கு என்ற பரந்த காரணம் அரசமைப்பில் இல்லை என்றது நீதிமன்றம். எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். அதே நாளில் டெல்லியின் வலதுசாரிப் பத்திரிகையான 'ஆர்கனைஸர்' மீதான முன்தணிக்கை ஆணையும் ரத்தானது. இரண்டு எதிர் முகாம்களும் ஒரே நாளில் ஜெயித்தது சுவாரசியம்தான்.

நேரு அரசு சும்மா இருக்கவில்லை. 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' சேர்ந்தது. கூடவே இன்னொரு சொல்லும் சேர்ந்தது: கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும். அரசு ஒரு கதவைத் திறந்துகொண்டது, சாவியை நீதிமன்றத்திடம் கொடுத்துவிட்டது. இன்றுவரை நடக்கும் வழக்குகளில் பாதி அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

எது நியாயம்?

உத்தரப் பிரதேசத்தில் உயர்த்தப்பட்ட பாசனக் கட்டணத்தைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் பேசியதற்காக ராம் மனோகர் லோகியா கைதானார். 1960-ல் உச்ச நீதிமன்றம், பேச்சுக்கும் குழப்பத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும், கற்பனையான தொடர்பு போதாது என்றது.

இதைவிட நமக்குக் கிட்டத்தில் உள்ளது 1989 தீர்ப்பு. இடஒதுக்கீடு பற்றிய தமிழ்ப் படம் 'ஒரே ஒரு கிராமத்திலே'. படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழக அரசு வாதாடியது; சென்னை உயர் நீதிமன்றமும் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி எழுதியது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல ஆபத்து உடனடியாக இருக்க வேண்டும். கலவரம் செய்வோம் என்று ஒரு கூட்டம் மிரட்டினால், அந்தக் கூட்டத்தைச் சமாளிப்பதுதான் அரசின் வேலை. பேசுகிறவரின் வாயை மூடுவது சுலபமான வழி, ஆனால் அது மிரட்டுகிறவனுக்குச் சாவியைக் கொடுப்பது மாதிரி.

தடை போட்டால் அமைதி வந்துவிடுமா?

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாள். முந்தைய இரவே சில பகுதிகளில் 144 தடையுத்தரவு இருந்தது. அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அதன்பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று வீட்டில் உள்ளவர்கள் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 முதல் இணையம் முடங்கியது. 'காஷ்மீர் டைம்ஸ்' ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் 2020 ஜனவரி 10-ல் தீர்ப்பு வந்தது. இணையம் வழியே பேசுவதும் தொழில் செய்வதும் 19-வது பிரிவின் பாதுகாப்புக்குள் வரும். காலவரையற்ற முடக்கம் கூடாது. ஆணைகளை வெளியிட வேண்டும். மாற்றுக் கருத்தை நசுக்க 144-ஐப் பயன்படுத்தக் கூடாது. எல்லாம் சரி. ஆனால் இணையத்தை உடனே திருப்பிக் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை, ஆணைகளை மறுஆய்வு செய்யச் சொன்னது. 4ஜி முழுதாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். கொள்கை ஜெயித்தது, ஒன்றரை வருடம் போனது போனதுதான்.

உங்கள் ஊரில் ஆணை வந்தால் எதைப் பார்க்கணும்?

2024 ஜூலை 1 முதல் பழைய 144-க்குப் பதில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு. பேச்சுவழக்கில் இன்னும் 144-தான். ஆணை எழுத்தில் இருக்கிறதா, சூழ்நிலை என்ன என்று அதில் விவரம் உண்டா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் அது நீடிக்காது. மாநில அரசு நினைத்தால் மட்டும், அதற்கு மேல் அதிகபட்சம் ஆறு மாதம் நீட்டிக்கலாம். இணைய முடக்கத்துக்கு விதிகள் தனி: ஒரு ஆணை 15 நாளைத் தாண்டக் கூடாது, மறுஆய்வுக் குழுவும் அதைப் பரிசீலிக்க வேண்டும்.

163 ஆணையால் பாதிக்கப்பட்டவர் அதை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்டு மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்தும் போகலாம், நேராகவும் போகலாம். மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தால் அது உதவும்.