அறுபத்தொரு பேரின் தொண்டர் படை



ஞாயிறு மாலைகளில் பூன் லே பேருந்து நிலையத்தில், முதுகில் பையுடன் முகாமுக்குத் திரும்பும் இளைஞர்களைப் பெற்றோர் பலரும் கண்டிருப்பீர்கள். தேசிய சேவை 1967இல் தொடங்கியது என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு 113 ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவின் குடிமக்கள் சிலர் ஒரு காலாட்படையாகத் திரண்டனர் என்பதை அவர்களுள் சிலரே அறிவர். அப்படைக்கு வித்திட்டது சீனாவில் மூண்ட ஓர் உள்நாட்டுப் போர்.

1850களின் தொடக்கத்தில் சீனப் பேரரசைத் தைப்பிங் கிளர்ச்சி உலுக்கியது. 1864இல் அது அடங்குவதற்குள் குறைந்தது இரண்டு கோடிப் பேர் மாண்டனர் என்று மதிப்பிடுவர். அதே கொந்தளிப்பில் 1853இல் ஆமோய் துறைமுகத்தையும் வேறொரு கிளர்ச்சிக் குழு கைப்பற்றியது. அவ்வாண்டு இறுதியில் அரசுப் படை அதை மீட்டது. தோற்றவர்கள் பலர் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தனர். கிளர்ச்சியாளர்களுக்குப் பொருளுதவி செய்வதா என்பதில் இங்கிருந்த ஹொக்கியன், தியோச்சியூ மக்களிடையே பிணக்கு முற்றியது. 1854 மே 5ஆம் நாள், மூன்று கிலோ அளவு அரிசியின் எடை குறித்து இருவர் சச்சரவிட்டனர். பொறி பற்றிக்கொண்டது. பத்து நாட்களுக்கு மேல் நீடித்த கலவரத்தில் ஏறக்குறைய 400 பேர் உயிரிழந்தனர். 300 வீடுகள் எரிந்தன. அரிசி வெறும் சாக்கு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காவல் துறை சிறியது. ஐரோப்பிய வணிகர்கள் அஞ்சினர். அவ்வாண்டு ஜூலையில் 61 பேர் கூடிச் 'சிங்கப்பூர் தொண்டர் துப்பாக்கிப் படை'யை அமைத்தனர். 1849 கணக்கெடுப்பின்படி இங்கிருந்த ஐரோப்பியர் 360 பேர்தாம் என்பதை நினைத்தால், 61 சிறு எண் அன்று. 'தொண்டர்' என்ற சொல்லை வகுப்பில் விளக்கும்போது நான் சற்றுத் தயங்குவதுண்டு. நம் வழக்கில் தொண்டு பிறருக்குச் செய்வது. இவர்களோ முதலில் தம் கிடங்குகளையும் குடும்பங்களையும் காக்க எழுந்தவர்கள். எனினும் ஊதியம் கருதாமல் வந்தவர்கள் என்பதால் அச்சொல்லையே கையாள்கிறேன்.

படையின் முதல் தளபதி கேப்டன் ரொனால்ட் மெக்பர்சன், மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். இங்குதான் நம் கதையும் உள்ளே வருகிறது. அக்காலத்தில் சிங்கப்பூரின் நிலையான காவற்படையாக இருந்தவர்கள் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களே. அவுட்ரம் வட்டாரத்துக்குச் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற பெயர் அவர்களால் வந்தது. மெக்பர்சன் இந்தியக் கைதிகளின் மேற்பார்வையாளராகவும் பொறியாளராகவும் இருந்தார். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை அவர் வரைந்தார். 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டியவர்கள் கைதிகள், அவர்களுள் தமிழரும் உண்டு. சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்துப் பூசினர். 'மதராஸ் சுண்ணம்' எனப்பட்ட அப்பூச்சு, நம் ஊர்க் கொத்தனார் கைப்பக்குவம்.

1857இல் இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. உடனே இங்கிருந்த ஐரோப்பியரின் அச்சம் திசை மாறியது. மூன்றாண்டுகளுக்கு முன் சீனரைக் கண்டு நடுங்கியவர்கள், இப்போது முஹர்ரம் விழாவில் இந்தியக் கைதிகள் எழுவார்கள் என்ற வதந்தியைக் கேட்டு நடுங்கினர். எதுவும் நடக்கவில்லை. ஆனால் இந்திய ஆட்சியிலிருந்து தங்களைப் பிரிக்கக் கோரி வணிகர்கள் அதே ஆண்டு லண்டனுக்கு மனு அனுப்பினர். அது நிறைவேற 1867 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த அத்தியாயம் வகுப்பறையில் அதிகம் பேசப்படுவதில்லை. பேச வேண்டும் என்பது என் கருத்து.

அச்சம் தணிந்ததும் ஆர்வமும் தணிந்தது. 1887இல் துப்பாக்கிப் படை கலைக்கப்பட்டது. 1888 பிப்ரவரி 22இல் அதன் வழித்தோன்றலாகத் தொண்டர் பீரங்கிப் படை பிறந்தது. சிங்கப்பூர் பீரங்கிப் படை தன் பிறந்த நாளாகக் கொள்வது அந்நாளையே. 1901இல் சீனரும் யுரேஷியரும் தொண்டர் படையில் தனிப் பிரிவுகளாகச் சேர்ந்தனர். கலவரத்துக்கு அஞ்சித் தொடங்கிய படையில் சீனர் இடம்பெற ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஜூன் விடுமுறையில் பிள்ளைகளைச் சிட்டி ஹால் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அந்த வெண்ணிற ஆலயம் எதிரே நிற்கும். மெக்பர்சனுக்கான நினைவுச் சின்னமும் அங்குண்டு. சின்னத்தைக் காட்டும்போது, சுவரெழுப்பிய கைதிகளையும் சொல்லுங்கள்.