விண்கல்லுக்குள் வெள்ளைப் புள்ளிகள்

வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அப்படிச் சிந்திக்க வேண்டிய ஒன்றை இங்கே பார்ப்போம்.

1969 பிப்ரவரி 8 அதிகாலை, மெக்ஸிகோவின் சிவாவா மாநிலத்தில் அயேந்தே என்ற சிற்றூரைச் சுற்றி விண்கற்கள் விழுந்தன. இரண்டு டன்னுக்கும் அதிகமான கற்கள் சேகரிக்கப்பட்டன. அந்தக் கரிய கல்லை அறுத்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சில ஒரு சென்டிமீட்டரையும் தாண்டும். கால்சியமும் அலுமினியமும் மிகுந்த இவற்றின் வயது சுமார் 456 கோடி 70 லட்சம் ஆண்டுகள். பூமியைவிட மூத்தவை இவை.

உருவான விதம்

இளம் சூரியனைச் சுற்றிக் கொதித்த வாயு குளிர்ந்தபோது, அது திரவமாகாமல் நேரடியாகத் திடப்பொருளாகப் படிந்தது. நீராவி உறைபனியாகப் படிவது போன்றதே இது. ஏறக்குறைய 1,400 முதல் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முதலில் படிந்தது குருந்தம். மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தக் கனிமமே. ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரும் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்.

வெப்பம் தணியத் தணிய, வாயுவிலிருந்த கால்சியம் குருந்தத்தோடு வினைபுரிந்து ஹிபோனைட் ஆனது. பின்னர் பெரோவ்ஸ்கைட், மெலிலைட், ஸ்பினல் ஆகியவை வந்தன.

சில புள்ளிகள் மீண்டும் உருகி, துளிகளாகி, மறுபடி உறைந்தன. அவற்றில் ஸ்பினல் முதலில் படிகமாகும். அடுத்து மெலிலைட் விளிம்பிலிருந்து உள்நோக்கி வளரும். எஞ்சிய இடத்தை மற்றவை நிரப்பும். ஆய்வகத்தில் இதே கலவையை உருக்கிப் பார்த்தவர்கள், மணிக்குச் சில டிகிரி என்ற அளவில் மெதுவாகக் குளிர்ந்தால்தான் இந்த அமைப்பு வரும் என்று கண்டனர்.

புள்ளிகளைச் சுற்றி, முடியளவு பருமனே உள்ள அடுக்கு விளிம்பு ஒன்றும் உண்டு. வார்க், லவரிங் என்ற இருவர் 1977இல் இதை விவரித்தனர். இது வாயுவிலிருந்து படிந்ததா, திடீர் வெப்பத்தால் உண்டானதா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது.

நாம் கவனிக்க வேண்டியது

இத்தகைய செய்தி வந்தவுடன் ஏதேனும் ஒரு வசனத்தை அதோடு பொருத்தி வாட்ஸ்அப்பில் பரப்புவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆய்வாளர்களின் விளக்கம் நாளை மாறலாம். அப்போது வேதமே பொய்த்துவிட்டதாக நம் பிள்ளைகள் எண்ணினால் அதற்கு யார் பொறுப்பு?

நம் முன்னோர் காட்டிய வழி வேறு. மாணிக்கமும் சிவப்பு ஸ்பினலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 11ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்பீரூனி (ரஹ்) கற்களையும் அவை வெளியேற்றிய நீரையும் எடைபோட்டு, அவற்றின் அடர்த்தி வேறுபாட்டைப் பதிவு செய்தார். அளந்த பிறகே பேசினார்.

படைத்தவனின் ஆற்றலை வியப்பது ஈமான். உறுதியாகத் தெரியாததை அவனுடைய வேதத்தின் மீது ஏற்றாமல் இருப்பது அமானிதம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.