கைவினை விற்று வாங்கிய கடற்கரை: சோழமண்டலக் கலைஞர் சிற்றூரின் வரலாறும் நமக்குள்ள பாடமும்

கையால் ஆக்கப்பட்ட ஒரு பொருள் சந்தைக்கு வரும்போது அதனோடு மூன்று கேள்விகளும் வருகின்றன. இதை ஆக்கியவர் யார்? இதற்கு விலை சொல்பவர் யார்? விற்ற பணத்தில் ஆக்கியவர் கைக்குச் சேர்வது எவ்வளவு? தமிழர் வரலாற்றில் இம்மூன்றுக்கும் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒரு விடையைச் சென்னைக்குத் தெற்கேயுள்ள ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில், 1966ஆம் ஆண்டில், ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து எழுதினர். ஜொகூரில் வாழும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அவ்வரலாறு அயலது அன்று. அதன் தொடக்கமே கடல் கடந்து நம் கரையைத் தொட்டு நிற்கின்றது.

சோழமண்டலக் கரை என்னும் பெயரே ஐரோப்பியர் நாவில் 'கோரமண்டல்' எனத் திரிந்தது என்பது பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. அக்கரையிலிருந்து மலாய்த் தீவுகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் சென்ற சரக்குகளுள் தலைமையானது துணி. மலாக்கா சுல்தானகத்தில் துறைமுக அலுவலர்களாகிய ஷாபண்டார் நால்வர் இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரின் நலனைக் கவனிக்க அவர்களுள் ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பிரேஸ், அவ்வணிகர் கொண்டுவந்த துணிகளைப் பற்றித் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். 1511இல் மலாக்கா வீழ்ந்தபின் அதன் அரச மரபு ஜொகூரில் வேர்கொண்டதை நம் மாணவர் பாடநூலிலேயே படிக்கின்றனர்.

அத்துணிகளில் வண்ணம் ஏற்றிய முறை எளியதன்று. கடற்கரை மணலில் விளையும் சாயவேர் செந்நிறம் தந்தது. அந்நிறம் இழையில் ஊன்றி நிற்பதற்காகப் படிகாரக் கரைசலைக் கலத்தால், அதாவது எழுதுகோலால், துணிமேல் முன்னரே தீட்டினர். அவுரியின் நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சிய பரப்பு முழுவதையும் மெழுகால் மூடிச் சாயத் தொட்டியில் இறக்கினர். மெழுகு மூடிய இடத்தில் நீலம் ஏறாது. இந்த மெழுகுத் தடுப்பு முறையை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். நம் வரலாற்றில் அது மீண்டும் வரும்.

இத்துணை நுட்பமான வேலையைச் செய்தவர் பெயர் என்ன? மலாக்காவில் செல்வாக்கோடு விளங்கி, போர்த்துகீசியர் ஆட்சியின் தொடக்கத்தில் பெண்டாகாரா பதவி வகித்த நைனா சாத்து என்னும் தமிழ் வணிகரின் பெயர் ஏடுகளில் நிலைத்துவிட்டது. துணி நெய்தவர், வண்ணம் தீட்டியவர் பெயர்களை அத்தகைய ஏடுகளில் காண்பது அரிது. முன்பணம் பெற்றுக்கொண்டு, வணிகர் கேட்ட அளவிலும் கேட்ட கோலத்திலும் அவர்கள் ஆக்கித் தந்தனர். பின்னாளில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கும்பனி வைத்து நடத்தியபோதும் முன்பண முறையே தொடர்ந்தது. பொருள் கடல் கடந்தது. பெயர் கரையிலேயே நின்றுவிட்டது.

சென்னையில் 1850ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். விரைவிலேயே தொழிற்பிரிவும் அதனோடு சேர்ந்தது. ஓவியமும் கைத்தொழிலும் ஒரே வளாகத்தில் பயிலப்பட்டன என்பது இவ்வரலாற்றுக்கு இன்றியமையாத செய்தி. பின்னர் அரசுக் கலை, கைவினைக் கல்லூரியாக வளர்ந்த அந்நிறுவனத்துக்குத் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்தியத் தலைவரானார். அவருக்குப்பின் 1957இல் பொறுப்பேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர்.

பணிக்கரை வருத்திய சிக்கல் வகுப்பறைக்கு வெளியே இருந்தது. கல்லூரியில் சிறந்து விளங்கிய மாணவர், படிப்பு முடிந்தபின் ஓவியத்தை நம்பி வாழ வழியில்லை. அக்காலச் சென்னையில் கலைக்கூடங்கள் மிகக் குறைவு. ஓவியம் வாங்குவோர் அதனினும் குறைவு. விளம்பர நிறுவனங்களிலோ, நெசவாளர் சேவை மையத்திலோ, பள்ளிகளிலோ வேலை தேடினர். அவ்வேலை உணவளித்தது, ஆனால் தூரிகை பிடிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டது. அரசையோ புரவலரையோ எதிர்பார்த்து நிற்பதற்கு மாறாக, கையில் இருக்கும் தொழிலையே கலைக்குச் சோறாக்கினால் என்ன என்று பணிக்கரும் அவருடைய மாணவரும் எண்ணினர். அவ்வெண்ணத்தின் விளைவே கலைஞர் கைவினைச் சங்கம்.

சங்கத்தார் தேர்ந்த கைவினைகளுள் முதன்மையானது பாத்திக். துணியின்மேல் உருகிய மெழுகால் கோலம் எழுதி, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கும் அந்தக் கலையை மலேசிய மாணவர்க்கு விளக்க வேண்டியதில்லை. கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் அடையாளமே அது. சோழமண்டலக் கரையிலிருந்து சாயமேற்றிய துணி ஒரு காலத்தில் இத்தீவுகளுக்கு வந்தது. தீவுகளில் செழித்த மெழுகுக் கலையின் பெயரோடு, 1960களில் அதே கரையில் ஓவியர் கூட்டம் ஒன்று பிழைப்புத் தேடியது. கடல் வாணிகத்தின் கணக்கில் இஃது ஓர் இனிய திருப்பம். தோல் வேலைப்பாடு, சுடுமண், உலோக வேலை ஆகியவற்றையும் அவர்கள் செய்தனர்.

பொருள்கள் விற்றன. கைவினை ஈட்டிய பணத்தைத் திரட்டி 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினர். அப்போது அப்பகுதி மணலும் சவுக்கும் மீனவக் குடியிருப்புமாக இருந்தது. இன்றுள்ள அகன்ற கிழக்குக் கடற்கரைச் சாலை அன்றில்லை. கீற்றுக் குடிசைகளில் வாழ்க்கை தொடங்கிற்று. சிற்றூருக்குச் சோழமண்டலம் என்றே பெயரிட்டனர். ஜே. சுல்தான் அலி, கே. ராமானுஜம், எஸ். ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் முதலியோரின் பெயர்கள் அவ்வூரோடு இணைந்தவை. பின்னர்க் காட்சிக்கூடமும், 'பாரதி' என்னும் திறந்தவெளி அரங்கும் எழுந்தன. விற்பனையில் ஒரு பகுதி சங்கத்துக்குச் சென்றது. சங்கம் கூடத்தையும் பொதுச் செலவையும் பார்த்துக்கொண்டது.

இம்முயற்சி நிலைத்தமைக்குரிய காரணங்களை மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, ஆக்கியவரே சங்கத்தின் உறுப்பினர். விலையை அவரே சொன்னார். இரண்டாவது, விற்பனைக்கு ஒரு பொது இடம் இருந்தது. ஒருவரின் ஓவியத்தைக் காண வந்தவர், மற்றொருவரின் சுடுமண் கலத்தையும் கண்டார். மூன்றாவது, நிலம் அவர்களுடையதாய் இருந்தது. வாடகைக்கு அஞ்சி வேலையை நிறுத்த வேண்டிய நிலை வரவில்லை. நான்காவது, படைப்பில் கையொப்பம் இருந்தது. பழைய சோழமண்டலத் துணிக்குக் கிட்டாத பெயர், புதிய சோழமண்டலத்தின் படைப்புக்குக் கிட்டியது.

எனினும் வரலாற்றைப் புகழ்மாலையாக எழுதுதல் தகாது. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் போன்ற ஓவியர்கள் பாரிஸ் நகருக்குச் சென்று அங்கேயே தம் கலையை வளர்த்தனர். சிற்றூரில் தங்கியோரின் ஓவியங்களுக்கு வாங்குவோர் பெருகப் பெருக, பாத்திக்கும் தோல் வேலையும் பின்னுக்குச் சென்றன. கைவினை அவர்களுக்கு ஏணி. மேலேறியபின் ஏணியின் தேவை குறைந்தது. இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயின், ஏணியே வாழ்வாக உள்ளவரின் நிலை வேறு.

குயவர், பாய் முடைவோர், மரச்சிற்பி, கலம்காரி எழுதுவோர் ஆகியோருக்குக் கல்லூரிப் பட்டமோ இதழாளர் நட்போ வாய்ப்பது அரிது. அவர்களுக்காக அரசுகள் அமைப்புகளை உருவாக்கின. இந்தியாவில் 1952இல் அனைத்திந்தியக் கைவினை வாரியம் தோன்றியது. கமலாதேவி சட்டோபாத்யாய் அதற்குத் தலைமை தாங்கி, நாடெங்கும் அலைந்து கைவினைஞரைத் தேடிக் கண்டார். தமிழ்நாட்டில் 1973இல் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 'பூம்புகார்' என்னும் பெயரில் அதன் விற்பனை நிலையங்கள் அறியப்படுகின்றன. மலேசியாவில் 1979இல் கைவினை மேம்பாட்டுக் கழகம் எழுந்தது. 'கிராப்தாங்கான்' என நாம் அறியும் அக்கழகம் ஆண்டுதோறும் தேசியக் கைவினை நாளை நடத்துகின்றது. கும்பகோணத்தை அடுத்த வட்டாரத்தில் எழுதப்படும் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை பயனுள்ள பணிகள். ஆனால், அமைப்பின் பெயரும் ஊரின் பெயரும் பொருளின்மேல் ஏறும் அளவுக்கு ஆக்கியவரின் பெயர் ஏறுகிறதா என்பதே இன்னும் கேட்கத்தக்க வினா.

மலேசியாவிலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. பினாங்கைச் சேர்ந்த சுவா தியன் தெங், 1950களில் பாத்திக் மெழுகைக் கொண்டு ஓவியம் தீட்டலானார். அதுவரை உடுக்கும் துணியாக மட்டும் மதிக்கப்பட்ட ஒன்று, சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஓவியமாயிற்று. சென்னையில் ஓவியத்தைக் காக்கக் கைவினை துணை நின்றது. பினாங்கிலோ கைவினையே ஓவியமாக உயர்ந்தது. வழிகள் இரண்டு, ஆனால் இரண்டிலும் ஆக்கியவர் தம் பெயரோடு சந்தைக்கு வந்தார்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். ஆயர் ஹீத்தாமை அடுத்த மச்சாப் பகுதியில் மண்பாண்டம் சுடும் நீண்ட நாகச் சூளையை இன்றும் காணலாம். ஜொகூர் பாருவின் தீபாவளிச் சந்தையில் அகல்விளக்கும் தோரணமும் குவிகின்றன. அவற்றுள் எது கையால் வனைந்தது, எது அச்சில் வார்த்தது என்று கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? பூச்சரம் தொடுப்பவர், தென்னங்குருத்தில் தோரணம் பின்னுபவர், மணிகோத்து அணி செய்பவர், வீட்டிலிருந்தே தைத்துப் பூவேலை செய்யும் தாய்மார் எனத் தனித்து உழைப்போர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் பெயர் தெரியாதிருப்பது அவர்கள் குறையன்று. நாம் கேளாத குறை.

இதில் பள்ளி செய்யக்கூடியது பெரிது. மாணவர் தம் வட்டாரத்தில் கைவினை செய்யும் ஒருவரைக் கண்டு, அவர் ஒப்புதலோடு, தொழிலின் சொற்களையும் கருவிகளின் பெயர்களையும் செய்முறையையும் எழுதிவைக்கலாம். ஒரு தொழில் மறையும்போது அதன் சொற்களும் உடன் மறைகின்றன. ஆதலால் இது மொழிப்பணியும் ஆகும். கணிதப் பாடத்தில் ஒரு கைப்பொருளின் விலையைப் பகுத்துப் பார்க்கலாம்: மூலப்பொருளுக்கு எவ்வளவு, செலவிட்ட மணிநேரத்துக்கு எவ்வளவு, விற்பவருக்கு எவ்வளவு, ஆக்கியவர் கையில் நிற்பது எவ்வளவு. அக்கணக்கைப் போட்ட மாணவர், விலையைக் குறைத்துக் கேட்குமுன் ஒருகணம் தயங்குவர். பள்ளி விழாக்களில் கைவினைப் பொருள் விற்கும் மேசையில், ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஆக்கியவர் பெயரையும் ஊரையும் எழுதி வைப்பதற்குச் செலவு ஒரு சிறு அட்டையே.

ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் மலாக்காவில் இறங்கிய துணிமூட்டைகளில் அத்தகைய அட்டை இருந்திருக்குமானால், நம் வரலாற்று நூல்களில் வணிகர் பெயரோடு சாயக்காரர் பெயரும் நின்றிருக்கும். அந்த இழப்பை இனி ஈடுசெய்ய இயலாது. நம் காலத்துக் கைவினைஞர் பெயரையாவது எழுதிவைப்பது நம் கையில் உள்ளது.